அழகியின் பெயரில் ஒரு சோபா: பிரான்ஸ் பயணக் குறிப்புகள்

திங்கள், பாரிஸ்

ஐஃபல் கோபுரத்துக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயர் 'லா தாம் த ஃபேர்', இரும்புச் சீமாட்டி. அந்தச் சீமாட்டியின் இடுப்பைச் சுற்றி, முதல் தளத்துக்குச் சற்றுக் கீழே, 72 பேருடைய பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார் ஐஃபல். எழுத்து ஒவ்வொன்றும் 60 செ.மீ. உயரம். டிக்கெட் வரிசையில் நிற்கும்போதே படித்துவிடலாம். லவுவாசியே, ஆம்பேர், கூலோம், ஃபூரியே என்று பள்ளிக்கூட இயற்பியல் புத்தகம் சுற்றி வருகிறது. அத்தனை பேரும் ஆண்கள். உலோகத் தகடு எப்படி வளைகிறது, எப்படி அதிர்கிறது என்று கணக்குப் போட்டு 1816ல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் பரிசை வாங்கிய ஸோஃபி ஜெர்மென் அதில் இல்லை. இவ்வளவு இரும்பை வளைத்துக் கட்டிய கோபுரத்தில் அவருக்கு இடம் இல்லாமல் போனது எனக்குக் கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. இப்போது பெண் விஞ்ஞானிகளின் பெயர்களையும் சேர்க்க பாரிஸ் நகராட்சி முனைந்திருக்கிறது. 130 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பரவாயில்லை.

நான் புதுச்சேரிக்காரி. வீட்டில் பிரெஞ்சு பேசிய தலைமுறை தாத்தாவோடு போய்விட்டது. எனக்கு வாய்த்தது பள்ளியில் படித்த பிரெஞ்சும், மதாம் (திருமதி), மத்மசெல் (செல்வி) என்று காதில் விழுந்த மிச்சசொச்சமும்தான். இந்த முறை லீவு கிடைத்ததும் ஒன்று தோன்றியது. பெண்களையும் அழகையும் பற்றி பிரெஞ்சில் இத்தனை சொற்கள் புழங்குகின்றனவே, அவை பிறந்த ஊர்களாகப் பார்த்துப் போய்வந்தால் என்ன? ஜாகை சார்செலில், சித்தி வீட்டில். புதுச்சேரித் தமிழர்கள் நிறைய வாழும் வடக்குப் புறநகர் அது.

சார்செல் சந்தையில் தக்காளி விற்பவர் என்னைப் பார்த்து 'மா பெல்' என்றார், என் அழகியே என்று அர்த்தம். சித்தியை 'மா ப்தித் தாம்', என் சின்ன அம்மா. சித்தி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "அவன் மாட்டைப் பார்த்தாலும் பெல்லுன்னுதான் சொல்வான், நீ எடையைப் பாரு" என்றார். மாமியாரும் இங்கே 'பெல்-மேர்', அதாவது அழகிய தாய். நாத்தனார் 'பெல்-சேர்', அழகிய சகோதரி. பழைய நாளில் 'பெல்' என்பதை அழகைப் பார்த்துச் சொல்லவில்லை, மரியாதைக்கு முன்னால் ஒட்டினார்கள். மாமியார் விஷயத்தில் அந்த மரியாதை மட்டும் அப்படியே தங்கிவிட்டது. நம் ஊரில் அந்த வம்பே இல்லை.

மத்மசெல் விஷயத்தில் சித்திக்கு ஒரு வழக்கே இருந்தது. அவரோடு வேலை பார்த்த ஒரு அம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அறுபது வயது தாண்டியும் வரி நோட்டீஸ் 'மத்மசெல்' என்றே வரும். ஆணுக்கு மணமானாலும் ஆகாவிட்டாலும் முசியே ஒன்றுதான். 2012 பிப்ரவரி 21ஆம் தேதி, பிரதமர் ஃபிய்யோனின் சுற்றறிக்கை ஒன்று அரசு படிவங்களிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தது. 'கன்னிப்பெயர்' என்ற கட்டமும் அதோடு போனது. இத்தனைக்கும் புரட்சிக் காலத்துச் சட்டம் ஒன்று, 1794லேயே, பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றது. அந்தக் கணக்கில் பிரெஞ்சுப் பெண்ணின் சட்டப்படியான பெயர் கல்யாணத்தால் மாறுவதே இல்லை. கணவர் பெயரைப் போட்டுக்கொள்வது வெறும் வழக்கம். வழக்கம் சட்டத்தைவிடப் பலமானது என்பதை 200 வருஷம் நிரூபித்திருக்கிறார்கள்.

மத்மசெல் எப்போதும் மணமாகாதவளைக் குறித்த சொல்லும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் அதில் பார்த்தது குலத்தை. 'மதாம்' என்பது பெரிய வீட்டுச் சீமாட்டிகளுக்கு மட்டும். கணவரும் பிள்ளைகளும் உள்ள நடுத்தர வீட்டுப் பெண்ணுக்கு மத்மசெல்தான்.

செவ்வாய், மரே

கார்னவாலே அருங்காட்சியகம் இலவசம். பாரிஸில் இந்த ஒரு வரிக்காகவே யாராவது எனக்கு நன்றி சொல்ல வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் கடிதங்களால் புகழ்பெற்ற மதாம் த செவிஞே தன் கடைசி இருபது வருஷங்களைக் கழித்த மாளிகை இது. நான் தேடிப் போனது இன்னொரு மதாமை.

ஜூலியெத் ரெக்காமியே. 1777ல் லியோன் நகரில் பிறந்தவர். பதினைந்து வயதில், தன்னைவிட ஏறக்குறைய முப்பது வயது மூத்த வங்கிக்காரரைக் கட்டிக்கொடுத்தார்கள். பாரிஸின் பேரழகி என்று ஐரோப்பா முழுக்கப் பேச்சு. அவர் வீட்டு வரவேற்பறையில் நெப்போலியனுக்கு ஆகாதவர்கள் கூடினார்கள், 1811ல் நெப்போலியன் அவரைப் பாரிஸை விட்டே துரத்தினான். கணவரின் வங்கி நொடித்தது. பிற்பாடு ஒரு கன்னிமாடத்தில் அறை எடுத்துத் தங்கினார், அந்த அறையிலும் எழுத்தாளர் கூட்டம் குறையவில்லை. 1849ல் காலராவில் இறந்தார்.

தாவீத் என்ற ஓவியர் 1800ல் அவரை வரையத் தொடங்கி முடிக்காமல் விட்ட படம் லூவ்ரில் இருக்கிறது. வெள்ளை உடை, வெறுங்கால், ஒரு பக்கம் சாய்ந்துகொள்ள வாகான நீண்ட இருக்கை. கார்னவாலேயில் இருப்பது தாவீதின் மாணவர் ஜெரார் வரைந்தது. எனக்கு இதுதான் பிடித்தது. தாவீதின் படத்தில் அவர் தொலைவில் இருக்கிறார், இதில் எதிரே உட்கார்ந்து உங்கள் பேச்சு எப்போது முடியும் என்று புன்னகையோடு காத்திருக்கிறார்.

அருங்காட்சியகத்தை விட்டு வெளியே வந்து நாலு தெரு தள்ளி ஒரு அறைகலன் கடை. கண்ணாடிக்குப் பின்னால் சாம்பல் நிற வெல்வெட் சாய்விருக்கை, விலைச் சீட்டில் 'ரெக்காமியே'. ஊன்றிப் பார்த்தேன். முதல் எழுத்து சின்ன எழுத்து. பெயர்ச்சொல்லுக்கு உரிய பெரிய எழுத்தைப் பிடுங்கிவிட்டார்கள், மேசை நாற்காலி மாதிரி அவரும் ஒரு சாமான். மக்ரித் என்ற பெல்ஜிய ஓவியர் அந்தத் தாவீத் படத்தையே திரும்ப வரைந்தபோது சோபாவில் ரெக்காமியேவுக்குப் பதில் ஒரு சவப்பெட்டியைச் சாய்த்து வைத்தார். குரூரமான நகைச்சுவை, ஆனால் கடைக்கண்ணாடிக்கு முன் நின்றபோது அந்த ஆள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது.

பக்கத்திலேயே கொன்யாக்-ஜே அருங்காட்சியகம், 18ஆம் நூற்றாண்டு சாமான்களுக்கென்றே. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சின்ன டப்பாக்கள் இருந்தன. அந்தக் காலத்துச் சீமாட்டிகள் 'மூஷ்' வைத்துக்கொண்ட டப்பா இப்படித்தான் இருக்கும். மூஷ் என்றால் ஈ. கறுப்புப் பட்டுத்துணியையோ வெல்வெட்டையோ பொடிப் பொட்டாக வெட்டிக் கோந்து தடவி முகத்தில் ஒட்டிக்கொள்வார்கள், வெள்ளைப் பூச்சு அப்பிய முகம் இன்னும் வெளுப்பாகத் தெரியும். அம்மைத் தழும்பையும் மறைக்கும். நம் வீட்டில் கண் படக் கூடாதென்று குழந்தைக்கு வைக்கும் திருஷ்டிப் பொட்டுதான், ஆனால் இது கண் படவேண்டும் என்று வைப்பது.

ஒட்டும் இடத்தைப் பொறுத்து பொட்டுக்குப் பெயர் உண்டு. கண்ணோரம் வைத்தால் 'மோகக்காரி'. மூக்கில் 'துடுக்குக்காரி'. நெற்றியில் 'கம்பீரமானவள்'. உதட்டருகே 'கொக்கெத்', குலுக்குக்காரி. எனக்கு மிகவும் பிடித்தது பருவை மறைக்க ஒட்டும் பொட்டின் பெயர்: 'ரஸ்லேஸ்', திருட்டுச் சாமானை வாங்கி ஒளித்து வைப்பவள். எல்லாமே பெண்பால். ஈ என்ற சொல் பிரெஞ்சில் பெண்பால் என்பதால் இலக்கணம் அப்படி வந்தது, ஆனால் பெயர் வைத்தவர்கள் மனதில் இருந்தது இலக்கணமாக இருக்காது. வாய் திறந்து பேச முடியாத சபையில் முகத்தில் ஒரு வாக்கியத்தை ஒட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

புதன், வெர்சாய்

கூட்டம். கண்ணாடி மண்டபத்தில் எனக்குத் தெரிந்தது மற்றவர்களின் செல்போன்கள்தான். அரண்மனையைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் பெயர்களோடு நிற்கிறேன்.

1680 வாக்கில், பதினான்காம் லூயி வேட்டைக்குப் போயிருந்தபோது கூட வந்த இளம்பெண்ணின் கூந்தல் கலைந்தது. கையில் கிடைத்த ரிப்பனால் தலைமேல் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாள் அரண்மனைப் பெண்கள் எல்லார் தலையிலும் ரிப்பன். அவள் பெயரிலேயே அந்த அலங்காரம் 'ஃபோந்தான்ஷ்' ஆனது. ஃபோந்தான்ஷ் சீமாட்டி 1681ல், இருபது வயதை ஒட்டி, இறந்துபோனாள். அலங்காரம் சாகவில்லை. கம்பி வைத்து, லேஸ் வைத்து, தலைக்கு மேல் கோபுரமாக எழும்பி, ஐரோப்பா முழுக்க 1700ஐத் தாண்டியும் நின்றது. அவள் போட்டதோ ஒரு சாதாரண முடிச்சு.

அடுத்தவர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் த பொம்பதூர். பிறந்தபோது வைத்த பெயர் ஜான்-அந்துவானெத் புவாசோன். புவாசோன் என்றால் மீன். ராஜாவின் அரண்மனைக்குள் மீன் என்ற பெயரோடு நுழைய முடியுமா? 1745ல் பொம்பதூர் என்ற ஜமீனை ராஜா வாங்கிக் கொடுத்தார், பெயர் மாறியது. பிடிக்காதவர்கள் விடவில்லை. அவரைத் திட்டித் தெருவில் பாடிய பாட்டுகளுக்கு 'புவாசோனாத்' என்றே பெயர், மீன்பாட்டு. அவரோ செவ்ரில் பீங்கான் ஆலையை நிலைநிறுத்தினார், கலைக்களஞ்சியம் எழுதியவர்களுக்குப் பக்கபலமாக இருந்தார். 1753ல் அவர் கைக்கு வந்த பாரிஸ் மாளிகையில்தான் இன்று பிரான்ஸின் குடியரசுத் தலைவர் குடியிருக்கிறார். இத்தனைக்குப் பிறகு அவர் பெயர் போய் ஒட்டிக்கொண்ட இடங்களில் ஒன்று அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் முன்மயிர். மேலே தூக்கிச் சீவிய அந்த அலங்காரத்துக்கு உலகமே 'பொம்பதூர்' என்கிறது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நுழைந்த கடையில் 'க்ரெம் துபாரி' என்று ஒரு சூப். வெள்ளையாக, கெட்டியாக, காலிஃப்ளவர் வாசனையோடு வந்தது. மேலே மூன்று சின்னப் பூங்கொத்து மிதந்தது. துபாரி, பதினைந்தாம் லூயியின் கடைசிக் காதலி. காலிஃப்ளவருக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று பரிமாறியவரைக் கேட்டேன். அவருடைய வெள்ளை டோப்பா அப்படித்தான் சுருள் சுருளாக இருக்குமாம். அவர் வீட்டில் சமோர் என்று ஒரு பணியாள் இருந்தார். சிறுவனாக அடிமைக் கப்பலில் வந்தவர். ஆப்பிரிக்கப் பையன் என்று துபாரி கடைசிவரை நம்பினார், ஆனால் அவருடைய ஊர் வங்காளத்துச் சிட்டகாங். சமோர் என்பது கூடப் பின்னால் இட்ட பெயர். புரட்சி வந்ததும் அந்தச் சமோர் சாட்சிக்கூண்டில் ஏறி எஜமானிக்கு எதிராகச் சாட்சி சொன்னார். 1793 டிசம்பர் 8ல் துபாரியின் தலை வெட்டப்பட்டது. சூப் நன்றாக இருந்தது, மிளகுதான் போதவில்லை.

வியாழன், லோஷ்

பாரிஸிலிருந்து தூர் நகருக்கு ரயில், அங்கிருந்து லோஷுக்கு இன்னும் 40 கிலோமீட்டர் தெற்கே. ஆந்த்ர் நதிக்கரையில் குன்றின் மேல் கோட்டை, கீழே ஊர். சுற்றுலாக் கூட்டம் எல்லாம் பெரிய லுவார் அரண்மனைகளோடு நின்றுவிடுகிறது போலிருக்கிறது, இங்கே தெருவில் என் செருப்புச் சத்தமே எனக்குக் கேட்டது.

இங்கே உறங்குகிறவர் 'அழகின் சீமாட்டி'. பிரெஞ்சில் 'தாம் த போத்தே'. ஆக்னெஸ் சொரெல், ஏழாம் சார்லஸின் காதலி. ராஜாவின் காதலி என்று அரண்மனையிலேயே வெளிப்படையாக ஏற்கப்பட்ட முதல் பெண் என்று வரலாற்றில் இவரைத்தான் சொல்கிறார்கள். அழகின் சீமாட்டி என்பது கவிஞர் எவரோ கொடுத்த பட்டம் என்றே நினைக்கத் தோன்றும். அது பத்திரப்பதிவு சமாச்சாரம். பாரிஸுக்குக் கிழக்கே, மார்ன் நதிக்கரையில் போத்தே என்று ஒரு கோட்டை இருந்தது. ஐந்தாம் சார்லஸ் கட்டியது, 1380ல் அவர் கண்மூடியதும் அங்கேதான். பேரன் ஏழாம் சார்லஸ் அந்தக் கோட்டையை ஆக்னெஸுக்கு எழுதிவைத்தார். சோழமண்டலத்துக்கு உடையவர் மாதிரி, போத்தேக்கு உடையவர் 'தாம் த போத்தே'. அழகு என்று பெயர் கொண்ட சொத்தை ஓர் அழகிக்கு எழுதிவைத்த ராஜாவுக்குச் சிலேடை தெரியாமல் இருந்திருக்காது. அந்தக் கோட்டை 17ஆம் நூற்றாண்டிலேயே இடிந்து போய்விட்டது. பட்டம் மட்டும் நிற்கிறது.

சேன்-தூர்ஸ் தேவாலயத்துக்குள் இடது பக்கம் கல்லறை. வெள்ளை அலபாஸ்டர் கல்லில் முழு உருவம், மல்லாந்து படுத்துக் கை கூப்பியிருக்கிறார். தலைமாட்டில் இரண்டு தேவதைகள் தலையணையைத் தாங்குகிறார்கள். கால்மாட்டில் இரண்டு ஆட்டுக்குட்டிகள். பெருந்தலைகளின் கல்லறையில் சிங்கமோ நாயோதான் இருக்கும், இவருக்கு ஆடு, ஏனென்றால் ஆக்னெஸ் என்ற பெயர் ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் 'ஆன்யோ' என்ற சொல்லோடு ஒலிக்கிறது. குனிந்து பார்த்தேன். இரண்டும் முன்னங்காலை மடித்து ஒன்றை ஒன்று ஒட்டிப் படுத்திருக்கின்றன. உளியின் வேலை சுருட்டை ரோமத்தில் தெரிகிறது, காதுமடலின் உட்புறம் வரை செதுக்கியிருக்கிறார்கள். ஆக்னெஸின் உடை மடிப்பில்கூட இவ்வளவு சிரத்தை இல்லை.

கல்லறை வாசகத்தில் 'நோப்ல் தாமுவாசெல்' என்று எழுதியிருக்கிறது, உயர்குல மத்மசெல். மூன்று பெண் குழந்தைகள் பெற்ற பின்பும் மத்மசெல்தான். போத்தேக்கும் இன்னும் மூன்று ஊர்களுக்கும் சீமாட்டி, எல்லார் மேலும் இரக்கம் உள்ளவர், தேவாலயத்துக்கும் ஏழைகளுக்கும் வாரிக் கொடுத்தவர் என்று வாசகம் நீள்கிறது. அழகைப் பற்றி அந்த ஊர்ப் பெயரைத் தவிர ஒரு சொல் இல்லை.

அவர் இறந்தது 1450 பிப்ரவரியில். நார்மண்டியில் போர்முனையில் இருந்த ராஜாவிடம் போகக் கடுங்குளிரில், நிறைமாதத்தில், நாட்டைக் குறுக்கே கடந்தார். அங்கே நாலாவது பிரசவம், சில நாளில் மரணம். வயது முப்பதைத் தொடவில்லை. விஷம் வைத்துவிட்டார்கள் என்று அப்போதே பேச்சு. 2005ல் எலும்புகளை ஆராய்ந்தபோது பாதரசம் எக்கச்சக்கமாகக் கிடைத்தது. வயிற்றுப்பூச்சி முட்டைகளும் கிடைத்தன. அந்தக் காலத்தில் பூச்சிக்கு மருந்தே பாதரசம்தான். அதிகமாகக் கொடுத்தது கைதவறியா, வேண்டுமென்றா என்பது அந்தப் பாதரசத்தில் எழுதியிருக்கவில்லை.

அவர் போன பிறகு இங்குள்ள பாதிரிமார்கள், இப்படிப்பட்ட பெண்ணின் கல்லறை தேவாலயத்தின் நடுவில் இருப்பது அழகல்ல, அகற்ற அனுமதி வேண்டும் என்று அடுத்த ராஜாவிடம் போனார்களாம். தாராளமாக அகற்றுங்கள், கூடவே அவர் உங்களுக்குக் கொடுத்த சொத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றாராம் ராஜா. ஊரில் சொல்லும் கதை. 1794ல் வந்த புரட்சிப் படையினர் கை கூப்பிய பெண்ணைப் பார்த்து யாரோ புனிதை என்று நினைத்து உடைத்துப் போட்டார்கள். காதலி என்று ஒரு கூட்டம், புனிதை என்று ஒரு கூட்டம், இரண்டு பேரும் அடித்தது ஒரே கல்லை. இப்போது நாம் பார்ப்பது பிற்பாடு ஒட்டிச் செப்பனிட்டது.

புதுச்சேரிக்காரிக்கு ஆயி நினைவு வராமல் இருக்குமா? விளக்கு எரிந்த அவள் வீட்டைக் கோயில் என்று நினைத்து கிருஷ்ணதேவராயர் கும்பிட்டதாகவும், தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னதாகவும், அவளே வீட்டை இடித்து அந்த இடத்தில் குளம் வெட்டியதாகவும் எங்கள் ஊர்க் கதை. முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த காலத்தில் கதை கேட்ட மூன்றாம் நெப்போலியன் அவளுக்கு மண்டபம் எழுப்பச் சொன்னான். பாரதி பூங்காவில் நிற்கும் அந்த ஆயி மண்டபம்தான் இன்று புதுச்சேரி அரசின் முத்திரையில் இருக்கிறது. தன் நாட்டில் அழகிகளின் பெயரை சோபாவுக்கும் சூப்புக்கும் வைத்த ஜனம், எங்கள் ஊர் தாசிக்குச் சின்னம் கட்டியது. விசித்திரமான தாராளம்.

வெள்ளி, மறுபடி பாரிஸ்

சித்தியோடு சேன்-மார்த்தேன் கால்வாய் ஓரம் நடந்தோம். ஜூல் ஃபெரி சதுக்கத்தில் கூடையும் பூவுமாக ஒரு கல் பெண், 'க்ரிசெத்'. க்ரிசெத் முதலில் மலிவான சாம்பல் நிறத் துணி. பிறகு அந்தத் துணியை உடுத்திய தையற்காரி, பூக்காரி. அப்புறம் சுலபமாகக் காதலில் விழும் ஏழைப் பெண் என்று 19ஆம் நூற்றாண்டு ஆண் எழுத்தாளர்கள் சேர்ந்து அர்த்தத்தைச் சரித்துவிட்டார்கள்.

இன்னொரு சொல் 'மிதினெத்'. மத்தியானத்தில், தையல் கூடத்தை விட்டு வெளியே வந்து தெருப் பெஞ்சில் ஏதோ கொறித்துவிட்டு ஓடும் பெண். இன்று அகராதியில் பார்த்தால் சினிமாக் காதலுக்கு உருகும் அசட்டுப்பெண் என்று இருக்கிறது. இந்த அசட்டுப்பெண்கள் 1917 மே மாதம், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, பாரிஸ் தெருக்களை நிறைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு பெரிய உடைக்கூடத்தில் சனிக்கிழமை மத்தியானம் விடுமுறை என்று சொல்லி அந்த அரைநாள் கூலியைப் பிடித்ததில் தொடங்கியது. ஜூன் 11ஆம் தேதி சட்டமே வந்துவிட்டது, உடை தைக்கும் தொழில் பெண்களுக்குச் சனி மத்தியானம் கூலியோடு ஓய்வு.

சித்தி எண்பதுகளில் சாந்தியே பகுதியில் உடைகளுக்குக் கை தைத்தவர். இந்தக் கதையை முழுதும் கேட்டார். "எங்களுக்கு பீசுக்கு இவ்வளவுன்னுதான் காசு. சனிக்கிழமையாவது ஞாயித்துக்கிழமையாவது" என்றார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தார்.

ஞாயிறு, ஆர்ல்

தெற்கே வந்தாயிற்று. ரோன் நதி, ரோமானிய அரங்கம், ஓயாத காற்று. பெண்ணின் அழகுக்கு ஒரு ஊரின் பெயரையே வைக்க வேண்டும் என்றால் பிரெஞ்சுக்காரர்கள் கைகாட்டும் ஊர் இதுதான். 'ஆர்லேசியென்', ஆர்ல்காரி.

இந்தச் சொல்லுக்கு ஒரு வேடிக்கையான இரண்டாம் வாழ்க்கை உண்டு. அல்ஃபோன்ஸ் தோதே ஒரு சிறுகதை எழுதினார், பிறகு அதையே 1872ல் நாடகமாக்கினார், பிஸே இசையமைத்தார். நாடகத்தின் பெயரே 'ஆர்லேசியென்'. கதாநாயகன் அவளுக்காக உயிரை விடுகிறான், ஆனால் அவள் கடைசிவரை மேடைக்கு வருவதே இல்லை. அதிலிருந்து, எல்லாரும் பேசி யாரும் பார்த்திராத எதற்கும் பிரெஞ்சில் ஆர்லேசியென் என்றே பெயர். வருகிறது வருகிறது என்று சொல்லி வராத மேம்பாலம் ஓர் ஆர்லேசியென். ஊர்க்காரர்களுக்கு இதில் மனத்தாங்கல் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஏனென்றால் அவள் இங்கே தெருவிலேயே இருக்கிறாள். ஆர்ல் ராணி என்று ஒரு பதவி, 1930ல் தொடங்கியது, இப்போது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தேர்வு. அழகிப் போட்டி என்று நினைத்துப் போனால் ஏமாந்துவிடுவோம். இந்தத் தெற்குப் பகுதியின் ப்ரொவான்சால் மொழி பேசத் தெரிய வேண்டும். ஊரின் வரலாறு, கட்டடக்கலை, இலக்கியம், உடையின் ஒவ்வொரு காலத்து மாற்றம் எல்லாவற்றிலும் நடுவர்கள் கேள்வி கேட்பார்கள். மே 1ஆம் தேதி நகராட்சி மாளிகையின் பால்கனியிலிருந்து பெயரை அறிவிக்கிறார்கள். ராணியோடு சில தோழிகளும் உண்டு, அவர்களுக்கு 'தெமுவாசெல் தொன்னேர்' என்று பெயர். அரசு படிவத்திலிருந்து துரத்திய மத்மசெல் இந்தப் பால்கனியில் பத்திரமாக இருக்கிறாள்.

இத்தனையும் மண்ணோடு போகாமல் இருப்பதற்கு ஃப்ரெதெரிக் மிஸ்த்ரால் என்ற கவிஞர் முக்கியமான காரணம். ப்ரொவான்சால் மொழியில் எழுதி 1904ல் நோபல் பரிசை வாங்கியவர், அந்தப் பணத்தைத் தான் நிறுவிய ம்யூசியோன் ஆர்லாத்தேன் அருங்காட்சியகத்தில் போட்டார். அவருடைய 1859ஆம் ஆண்டுக் காவியத்தின் நாயகி மிரேய். பிரான்ஸில் 1803லிருந்து ஒரு சட்டம், குழந்தைக்குப் புனிதர்களின் நாட்காட்டியிலோ பண்டைய வரலாற்றிலோ உள்ள பெயரைத்தான் வைக்கலாம். நாட்காட்டியில் மிரேய் என்று எந்தப் புனிதையும் இல்லை. பாதிரியார் ஒருவர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தபோது, மிரேய் என்பது மிரியாம் என்ற பைபிள் பெயரின் எங்கள் ஊர் வடிவம் என்று மிஸ்த்ரால் சாதித்தார் என்பார்கள். கவிஞன் வைத்த பெயர் சட்டத்தின் சந்துவழியே நுழைந்து பிரான்ஸ் முழுக்க லட்சணமான பெண் பெயராகப் பரவிவிட்டது. அந்தக் கெடுபிடி முழுதும் தளர்ந்தது 1993ல்தான். இப்போதும் குழந்தைக்குக் கெடுதல் என்றால் நீதிபதி குறுக்கிடலாம். ரொட்டியில் தடவும் சாக்லேட் பசையான நுதெல்லாவின் பெயரை வைத்த ஒரு பெற்றோரிடம் நீதிமன்றம் வேண்டாம் என்று சொல்லி, எல்லா என்று மாற்றி எழுதியது.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்துச் சந்தில் பாரம்பரிய உடை தைக்கும் கடை. உள்ளே இருந்த அம்மா, நான் பொம்மையின் மார்புத் துணியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். என் சுடிதார் மேலேயே ஒரு வெள்ளை மஸ்லின் முக்கோணத்தைத் தோளில் போட்டார். கழுத்துப் பின்புறத்தை இழுத்துத் தளர்த்தினார், பின்னங்கழுத்து தெரிய வேண்டும், அதுதான் இந்த ஊர் அழகு என்றார். பிறகு முன்பக்கம் மடிப்பு. ஒரு மடிப்பு, ஒரு குண்டூசி. அதன் மேல் அரை விரற்கடை தள்ளி இன்னொரு மடிப்பு, இன்னொரு குண்டூசி. ஊசித்தலை ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. வாயில் பத்து ஊசியைக் கவ்விக்கொண்டே பேசினார். மார்பில் இந்த மடிப்புகளுக்கு நடுவே திறக்கும் இடத்துக்குப் பெயர் 'ஷாப்பெல்', சிற்றாலயம். சிலுவையோ பதக்கமோ அதில்தான் தொங்கும். சிறுமிகளுக்கு இது கிடையாது. பருவம் வந்த பெண்ணுக்கு முதன்முதலாக ரிப்பன் கட்டிக் கூந்தலைத் தூக்கி முடியும் அன்று ஒரு விழா உண்டு, அதைத் தொடங்கிவைத்தவரும் மிஸ்த்ரால்தான். நம் பக்கத்துப் பெரியவர்கள் கேட்டால் தலையாட்டுவார்கள்.

"மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன்.

"பழகியவளுக்கு இரண்டு மணி நேரம். பழகாதவளுக்கு அவள் அம்மா வர வேண்டும்."

ஆர்ல்காரி என்றதும் ஓவியம் தெரிந்தவர்களுக்கு வான்கோ 1888ல் வரைந்த மதாம் ஜினூ நினைவு வரும், ரயிலடி காபிக்கடைக்காரி, கன்னத்தில் கை ஊன்றியவர். எனக்கு இன்னொருத்தி. 1875ல் இங்கே பிறந்த ஜான் கல்மான், சிறுமியாக வான்கோவைப் பார்த்திருப்பதாகவும் ஆள் அழுக்கு, முசுடு என்றும் முதுமையில் சொன்னவர். 1997ல், 122 வயதில் இறந்தார். உலகத்தில் பதிவான மிக நீண்ட ஆயுள். எங்கும் தலைகாட்டாத ஆர்லேசியென் பற்றிய நாடகத்துக்கு ஊர் கொடுத்த பதில் என்று இவரை எடுத்துக்கொள்ளலாம்.

கடைக்கார அம்மா ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பாவில் போட்டார். மஸ்லின் என்ன விலை என்றேன், சொன்னார். ஊசி என்ன விலை என்றேன். பெரிதாகச் சிரித்துவிட்டு ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார், மூன்று யூரோ. போகிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்: ஆர்லில் மத்தியானம் பன்னிரண்டுக்குப் பல கடைகள் இழுத்துச் சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.